மந்திரியின் விளக்குகள்

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் தெருவில் எல்லோரும் மந்திரி என்றுதான் சொல்வார்கள். அவர் காதுபடவே சொல்வார்கள். அது கிண்டல் என்பது இன்றுவரை அவருக்கு உறைக்கவில்லை. "என்ன மந்திரி, கிளம்பியாச்சா?" என்று யாராவது கேட்டால், லேசாகச் சிரித்துக்கொண்டு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். மனிதர் ஒரு டைல்ஸ் கடையில் மேனேஜர். குளியலறைச் சுவருக்கு எது பொருந்தும், சமையலறைத் தரையில் எது வழுக்காது என்று நாள் முழுக்க வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் வேலை. அதை ஒழுங்காகவே செய்கிறார் என்று கேள்வி. கடையை விட்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்தால்தான் ஆள் மாறிப்போவார்.

முதலில் முன்விளக்கில் கை வைத்தார். கம்பெனி போட்டுக்கொடுத்த பல்பு காமாலைக்காரன் கண் மாதிரி இருக்கிறதாம். கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்டினார். அதிலிருந்து வந்தது வெளிச்சமா வெல்டிங் பொறியா என்று தெரியாத ஒரு நீலம். எதிரே வருகிறவர்கள் ஒரு கையால் முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு கையால் வண்டியை ஓட்டினார்கள். "பவரைப் பாத்தியா" என்று அக்காவிடம் பெருமைப்பட்டுக்கொண்டார். அடுத்தது பின்விளக்கு. அதன்மேல் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினார். இவர் பிரேக் பிடித்தால் பின்னால் வருகிறவன் ஜோசியம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்புறம் வண்டிக்கு அடியில் ஊதா நிறத்தில் ஒரு கீற்று. வாசலில் நிறுத்திவிட்டு அதை மட்டும் போட்டுப் பார்ப்பார். தரையெல்லாம் கத்தரிக்காய்த் தோல் மாதிரி மின்னும். அதைப் பார்த்தபடி இடுப்பில் கைவைத்து நிற்பார்.

நான் அவர்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன். வாகன இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. நசுங்கிப்போன வண்டிகளின் போட்டோக்களைப் பார்த்து, யார்மேல் தப்பு, பணம் கொடுக்கலாமா கூடாதா என்று எழுதுவது என் பிழைப்பு. அதனால் சும்மா இருக்க முடியாமல் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். முன்னால் வெள்ளையோ இளமஞ்சளோதான் எரிய வேண்டும், பின்னால் சிவப்பு, திரும்புவதற்கு ஆரஞ்சு. இருட்டில் வருவது வண்டியின் முகமா முதுகா என்று அடுத்தவனுக்குத் தெரிவதற்காக வைத்த ஏற்பாடு அது. அவரவர் இஷ்டத்துக்கு நிறம் மாற்றுவது சட்டப்படி குற்றம், நாளைக்கு ஏதாவது ஆனால் எங்கள் ஆபீசில் ஒரு பைசா தரமாட்டார்கள் என்றேன்.

அவர் மென்றுகொண்டே கேட்டார். "என் காரும்மா. என் வீட்டுச் சுவத்துக்கு நான் என்ன பெயின்ட் அடிக்கணும்னு சர்க்கார்கிட்ட கேட்டுக்கிட்டா அடிக்கிறேன்?"

"சுவர் எதிர்ல வர்றதில்லையே அத்தான்" என்றேன்.

அக்கா குழம்புக் கிண்ணத்தை எங்கள் இருவருக்கும் நடுவில் நகர்த்தி வைத்துப் பேச்சை மாற்றிவிட்டாள். பிறகு பாத்திரம் கழுவும்போது என்னிடம் தனியாகச் சொன்னாள், அவருக்கு வேறு என்ன சந்தோஷம் இருக்கிறது, விட்டுவிடு என்று. ஒரு மனிதனுக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் எதிரே வருகிறவன் கண்ணை அவிப்பதுதான் என்றால் அந்த மனிதனை என்ன சொல்வது? அக்காவின் முகத்துக்காக வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியாக வந்ததுதான் சிவப்பு நீலம். முன்பக்க கிரில்லுக்குப் பின்னால் ஒளித்துவைத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சுவிட்ச். போட்டால் மாறி மாறி வெட்டும். போலீசுக்கும் ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் தவிர வேறு யாருக்கும் அனுமதி இல்லாத விளக்கு. அதை விற்ற கடைக்காரனே தயங்கினானாம். கண்காட்சிக்கு மட்டும்தான், ரோட்டில் போடக்கூடாது என்று பெட்டியின்மேலேயே அச்சடித்திருக்கிறது என்றானாம். "நான் யாருன்னு தெரியுமான்னு ஒரு கேள்விதான் கேட்டேன், கப்சிப்னு எடுத்துக் கொடுத்தான்" என்று இவரே எங்களிடம் சொன்னார். யார் என்று அவன் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். டைல்ஸ் என்று சொல்லியிருப்பார்.

அவருக்கென்று ஒரு சட்டமும் வைத்திருந்தார். மாட்டினால் குற்றமில்லை, போட்டால்தான் குற்றம். அந்தக் குற்றத்தைக் காலையும் மாலையும் தவறாமல் செய்தார்.

இதையெல்லாம் நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க நேர்ந்தது என் ஸ்கூட்டரால். அது மெக்கானிக் ஷெட்டில் பாகம் வரவில்லை என்று கிடந்தது. ஆபீஸ் அவர் போகிற வழிதானே, எதற்குப் பஸ்ஸில் தொங்குகிறாய் என்று அக்கா பிடிவாதமாக ஏற்றிவிட்டாள். நெரிசல் வந்ததும் அத்தானின் இடது கை சுவிட்சுக்குப் போகும். முன்னால் போகிறவன் கண்ணாடியில் பார்ப்பான். பதறிப்போய் ஓரம் கட்டுவான். ஒவ்வொருவனாக ஒதுங்க ஒதுங்க இவர் முகத்தில் ஒரு களை வரும். கல்யாணப் போட்டோவில்கூட அந்தக் களையை நான் பார்த்ததில்லை. ஒதுங்கியவனுக்கு ஒரு தலையசைப்பு கிடையாது. "பயம் இருக்கணும்" என்பார், அவ்வளவுதான். ஒருநாள் நிஜமான ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டு கடந்தது. இவர் உடனே அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே பறந்தார். உள்ளே யாரோ உயிருக்கு இழுத்துக்கொண்டிருக்க, அந்த இடைவெளியில் இவர் டைல்ஸ் விற்கப் போனார். அன்று நான் கையால் முகத்தை மறைத்துக்கொண்டேன். யாராவது தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று இருந்தது.

அந்தச் சம்பவம் நடந்தது ஒரு சாயங்காலம், ஆபீஸ் விட்டுத் திரும்பும்போது. மார்க்கெட் முனையில் நடுரோட்டை அடைத்துக்கொண்டு கூட்டம். என்ன ஏது என்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போகலாம் என்றேன். அவர் சுவிட்சைப் போட்டார்.

கூட்டம் ஒதுங்கத்தான் செய்தது. ஆனால் ஒதுங்கியவர்கள் நேராக எங்களை நோக்கி வந்தார்கள். கண்ணாடியைத் தட்டினார்கள். பின்கதவை யாரோ திறந்தார்கள். சட்டை கிழிந்து, உதட்டில் ரத்தத்தோடு இருந்த ஒருவனை உள்ளே தள்ளினார்கள். அவன் பின்னாலேயே ஒரு கருவிப் பை வந்து விழுந்தது. இவன்தான் ரோட்டைக் கடந்த சின்னப் பெண்ணை பைக்கில் இடித்துவிட்டு ஓடப் பார்த்தான், அம்மாவும் பெண்ணும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள், கூட்டிக்கொண்டு போய் உள்ளே வையுங்கள் சார் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒருவர் அத்தானுக்கு சல்யூட் மாதிரி ஒன்றுகூட வைத்தார்.

அந்த இடத்தில் அவர் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. நான் போலீஸ் இல்லை. அவ்வளவுதான். அவர் கண்ணாடியை இறக்கினார். தொண்டையைச் செருமினார்.

"சரி சரி, வழி விடுங்க. நான் பாத்துக்கறேன்."

நான் இருக்கையில் முடிந்தவரை கீழே சரிந்துகொண்டேன்.

வண்டி நகர்ந்ததும் இவருக்கு வேஷம் முழுசாக ஏறிவிட்டது. கண்ணாடியில் அவனைப் பார்த்தபடி விசாரணையை ஆரம்பித்தார். பேர் என்னடா, என்ன வேலை, லைசென்ஸ் இருக்கா, குடிச்சிருக்கியா. கடையில் கைகட்டி நின்று "இந்த ஷேடு பாருங்க மேடம்" என்று சொல்கிற அதே வாய். அவனுக்கு முப்பது வயதிருக்கும். வாஷிங் மெஷின் மெக்கானிக். கேட்டதற்கெல்லாம் சார் போட்டுப் பதில் சொன்னான். தான் இடிக்கவில்லை என்றான். இடித்தவன் முன்னால் போன வேறு பைக்காரன், அவன் நிற்காமல் போய்விட்டான். தான் வண்டியை நிறுத்தி இறங்கி, பெண்ணைத் தூக்கி, அம்மாவோடு ஆட்டோவில் ஏற்றிவிட்டு, தன் பைக்கை எடுக்கப் போகும்போதுதான் கூட்டம் பிடித்துக்கொண்டது. அந்த அம்மாவைக் கேட்டால் தெரியும் சார் என்றான்.

"எல்லாரும் இதைத்தான் சொல்வீங்க" என்றார் அத்தான். எத்தனை பேரை இதுவரை விசாரித்தாரோ தெரியவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான், ஸ்டேஷன் அந்தப் பக்கம் சார் என்று. இவர் அதற்கு எதிர்ப்பக்கம்தான் போய்க்கொண்டிருந்தார். காதில் விழாத மாதிரி ஓட்டினார். கழுத்தில் வேர்வை இறங்குவது எனக்குத் தெரிந்தது. வேஷம் போட்டுக்கொண்டவருக்கு அதை எங்கே கழற்றுவது என்று தெரியவில்லை. கடைசியில் ஒரு பழைய தொழிற்சாலையின் மதில் ஓரமாக, ஆள் நடமாட்டமில்லாத இடம் பார்த்து நிறுத்தினார்.

"இந்த ஒரு தடவை மன்னிச்சு விடறேன். இறங்கி ஓடிப்போயிடு" என்றார்.

அவன் அசையவில்லை. "நான்தான் எதுவும் பண்ணலையே சார். மன்னிப்பு எதுக்கு?"

"போன்னு சொல்றேன்ல."

"இல்ல சார். என் பைக் அங்கேயே நிக்குது. நம்பரோட சேத்து என் மூஞ்சியையும் போட்டோ எடுத்துட்டாங்க. இப்ப நான் வீட்டுக்குப் போனா, தப்பிச்சு ஓடிட்டான்னுதான் சொல்வாங்க. நாளைக்கு எந்த வீட்டுல என்னை உள்ள விடுவாங்க? ஸ்டேஷனுக்கே போங்க சார். அந்தம்மா உண்மையைச் சொல்வாங்க."

குற்றவாளி என்று பிடித்துக் கொடுக்கப்பட்டவன் போலீசுக்குப் போகலாம் என்கிறான். பிடித்துக்கொண்டு வந்த மந்திரிக்கு அந்தப் பக்கம் வண்டி திரும்பவில்லை. அவன் சொல்வதுதான் சரி, போங்கள் அத்தான் என்றேன். நீ பேசாமல் இரு என்று பல்லைக் கடித்தார்.

அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அத்தான் என்ற சொல் அவன் காதில் விழுந்திருக்க வேண்டும். பக்கத்தில் இருந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தான். அதில் டைல்ஸ் மாதிரிகள், மேலே கடையின் பெயர், சிரிக்கும் ஒரு குடும்பத்தின் படம்.

"சார், நீங்க போலீஸ் இல்லையா?"

நான்தான் சொன்னேன். "இல்லைங்க. இவர் டைல்ஸ் கடையில மேனேஜர். என் அக்கா வீட்டுக்காரர்."

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. கூட்டத்திடம் அடி வாங்கியபோதுகூட இவ்வளவு பயந்திருப்பானா தெரியாது. போலீஸ் என்று நம்பி ஏறிய வண்டி போலீஸ் வண்டி இல்லை, முன்னால் யாரோ இரண்டு பேர், வெளியே யாருமில்லாத மதில். கதவின் பிடியை இழுத்து இழுத்துப் பார்த்தான். அக்கா பெண்ணுக்காகப் போட்டிருந்த சைல்ட் லாக், உள்ளேயிருந்து திறக்காது. என்னை விட்டுடுங்க என்று மெதுவாகச் சொன்னான். அதுவரை எனக்கு அத்தான்மேல் இருந்தது எரிச்சல்தான். அந்தக் குரலைக் கேட்டதும் அது வேறு ஒன்றாக மாறிவிட்டது. இறங்கிப் போய் வெளியேயிருந்து கதவைத் திறந்துவிட்டேன். பயப்படாதீங்க, நானும் உங்க கூட ஸ்டேஷனுக்கு வர்றேன், நடந்தே போயிடலாம் என்றேன்.

அத்தான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "குடும்ப மானம்னு ஒண்ணு இருக்கு, யோசிச்சுக்க."

"அதை வண்டியில மாட்டியிருக்கீங்களா அத்தான்? என் கண்ணுல படலையே" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

ஸ்டேஷனில் மேசைக்குப் பின்னால் ஒரு பெண் போலீஸ் இருந்தார். மெக்கானிக் மார்க்கெட்டில் நடந்ததை மட்டும் சொன்னான். அவர் கேட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். மார்க்கெட்டில் அடிபட்ட பெண்ணின் அம்மா லைனில் வந்தார். மணிக்கட்டில் எலும்பு விரிசல், மற்றபடி குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றார். அந்தத் தம்பிதான் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார், அவரையா அடித்தார்கள் என்று அந்த அம்மா அழுதது மேசைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. மெக்கானிக் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள்.

பிறகு அந்தப் பெண் போலீஸ் என்னைப் பார்த்துக் கேட்டார், மார்க்கெட்டிலிருந்து இவ்வளவு தூரம் எப்படி வந்தீர்கள் என்று. ஆட்டோவில் என்று சொல்லியிருக்கலாம். மெக்கானிக்கும் தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்தான், என் இஷ்டத்துக்கு விட்டுவிட்ட மாதிரி. அக்காவின் முகம் ஞாபகம் வந்தது. ஆம்புலன்சின் பின்னால் பறந்ததும் ஞாபகம் வந்தது. நிறம் நிறமாக எல்லாவற்றையும் சொன்னேன்.

நான் சொல்லி முடிப்பதற்குள்ளேயே வாசல் சுவரில் சிவப்பும் நீலமும் மாறி மாறி அடித்தது. ரோந்து ஜீப்பாக்கும் என்று நினைத்தேன். அத்தானின் கார். ஜீப் அதற்குப் பின்னால் வந்தது. நடந்தது இதுதான். நாங்கள் போனதும் பயந்துபோய், விளக்கைப் பிடுங்கிவிடலாம் என்று சுவிட்சைப் பிடித்து இழுத்திருக்கிறார். சுவிட்ச் கையோடு வந்துவிட்டது. ஒயர்கள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, விளக்கு நிரந்தரமாக எரிய ஆரம்பித்துவிட்டது. மதில் ஓரமாகத் தன்னந்தனியே வெட்டி வெட்டி மின்னிக்கொண்டிருந்த காரைப் பார்த்து, தங்கள் ஆள் யாருக்கோ ஆபத்து என்று நினைத்து ஜீப்காரர்கள் உதவிக்கு ஓடியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தால் ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டபடி மந்திரி.

இன்ஸ்பெக்டர் வெளியே போய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். அத்தான் அதற்குள் ஒரு கதை தயார் செய்துவிட்டார். பொதுமக்கள் ஒப்படைத்தார்கள், ஒரு பொறுப்புள்ள குடிமகனாக ஆளைப் பத்திரமாகக் கொண்டுவந்துகொண்டிருந்தேன் என்றார்.

"எங்க கொண்டு வந்தீங்க? மதிலுக்கா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். "முன்னாடி நீலம், பின்னாடி கறுப்பு, அடியில ஊதா. இது காரா, ராட்டினமா?"

மேசையிலிருந்த பெண் போலீஸ் குனிந்து எதையோ தேடுகிற மாதிரி சிரித்தார். அத்தான் என் பக்கம் திரும்பவே இல்லை. சட்டைக் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நின்றார். தோள் இரண்டும் சுருங்கி, கடையில் நிற்கிற மாதிரியே நின்றார். பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு இல்லை.

போலீஸ் வேஷம் போட்டதற்காகத் தனியாக வழக்குப் போடலாம், நீ புகார் கொடுக்கிறாயா என்று மெக்கானிக்கைக் கேட்டார்கள். அவன் யோசித்துவிட்டு வேண்டாம் என்றான். நான் ஏன் என்று கேட்டேன்.

"அந்த லைட்டைப் பாத்துட்டுத்தான் மேடம் அடிக்கிறதை நிறுத்தினாங்க. இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா நான் இருந்திருக்க மாட்டேன்."

அவன் சொன்னது உண்மை. அந்த அசட்டு விளக்கு ஒரு மனிதனின் உயிரைப் பிடித்துவைத்தது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அத்தான்மேல் மரியாதை வருவதற்குப் பதிலாக இன்னும் கசக்கிறது. வெளிச்சம் செய்த காரியத்துக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

ஆனால் அந்த வார்த்தைகள் இவர் காதிலும் விழுந்துவிட்டன. அபராதம் கட்டினார். விளக்குகளையெல்லாம் பழையபடி மாற்றிக் காட்டிய பிறகுதான் காரைக் கொடுத்தார்கள். நீதிமன்றத்தில் நீதிபதி எல்லோர் முன்னாலும் திட்டி அனுப்பினார். எல்லாம் துடைத்துவிட்ட மாதிரி மறந்துபோயிற்று. அந்த ஒரு வாக்கியம் மட்டும் நின்றது. ஒரு கொலைவெறிக் கும்பலிடமிருந்து தனி ஆளாக ஒருவனை மீட்டு வந்தவர் ஆகிவிட்டார். சொந்தக்காரர்கள் வந்தால் சொல்வார். கடையில் டைல்ஸ் பார்க்க வருகிறவர்களிடமும் சொல்கிறாராம். கதையில் மதில் கிடையாது. நானும் கிடையாது.

அக்கா என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். மூன்றாம் மனுஷி மாதிரி போலீஸ்கிட்ட போய்ச் சொல்லியிருக்கே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனாலும் திரும்ப அதே இடத்தில் நின்றால் அதையேதான் சொல்வேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் உலர்ந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மாடியிலிருந்து இறங்கும்போது கீழ் வீட்டு வாசலில் மெக்கானிக் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்துச் சிரித்தான். உள்ளே அத்தானின் கடை முதலாளி குடும்பத்தோடு விருந்துக்கு வந்திருந்தார். சிரிப்புச் சத்தம் கேட்டது. அக்கா வீட்டு வாஷிங் மெஷினுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகலை மேடம். போன மாசமும் கூப்பிட்டாரு. மெஷின் நல்லாத்தான் ஓடுது."

"அப்புறம் எதுக்கு வர்றீங்க?"

அவன் கருவிப் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினான். "வந்து போற கூலியைக் கொடுத்துடறாரு. அதுவும் இல்லாம, கூப்பிடும்போது வரமாட்டேன்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது. அன்னைக்கு அந்த வண்டி வந்துதே."

வராதீர்கள் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "வந்துட்டியாப்பா? உள்ள வா, வா. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சார்கிட்ட நீயே சொல்லு."

மெக்கானிக் பையை வாசலிலேயே வைத்துவிட்டு, கிழியாத நல்ல சட்டையின் கையை இறக்கி விட்டுக்கொண்டு உள்ளே போனான். கதவிடுக்கில் அக்கா தட்டோடு நிற்பது தெரிந்தது. என்னைப் பார்த்தாள். சட்டென்று தரையைப் பார்த்துக்கொண்டாள்.